ஆயாவையும் கூட்டிக்கொண்டு ஐப்பசியில் ஒரு ராத்திரி: வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. ஒரே தெருவில் மூன்று வீடு, மொத்தம் 14 பேர். ஆயாவுக்கு 81 வயது, கடைசிக் குட்டிக்கு 3. ஆறு வருடமாக ஐப்பசி வாக்கில் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி, பக்கத்து மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறோம். தெருமுனையில் வேன் நின்றாலே பத்து பேர் விசாரிப்பார்கள். அக்கம்பக்கம், சம்பந்தி வீடு, ஆபீஸ் என்று எல்லாரும் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இன்னாபா, மழை நேரத்துல போய் ஊர் சுத்தக் கிளம்புற? மே மாசம் லீவு இருக்குதே?

மே மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமத்தில் என்ன இருக்கிறது? வெடித்துக் கிடக்கும் ஏரியும் கருகின புல்லும்தான். பத்து மணிக்கு மேல் பெரியவர்களை வெளியே உட்கார வைக்க முடியாது. ஏசி ரூமுக்குள் அடைந்து கிடக்க 50 கிலோமீட்டர் எதற்குப் போக வேண்டும்?

ஐப்பசியில் சம்பா நடவு வேர் பிடித்து வயல் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஏரிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கும். விடியற்காலையில் ஆயா சால்வை கேட்கிற அளவுக்குக் காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையைத்தான் பழைய நூல்கள் கூதிர்காலம் என்கின்றன. சினிமாவில் வெளிநாட்டைக் காட்டும்போது இலை சிவந்து உதிருமே, அது இங்கே இந்தப் பருவத்தில் கிடையாது. நம் மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கும். போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எந்த வாரம்னு கரெக்டா சொல்லு.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். புரட்டாசி முடிவது அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால். இந்த இரண்டையும் ஒட்டி வரும் சனி, ஞாயிறுதான் எங்கள் கணக்கு. புரட்டாசியிலேயே போனால் மழை பயம் குறைவு. ஆனால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அந்த மாதம் கவுச்சி தொடமாட்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் போய் இறாலைக் கண்ணால் பார்த்துவிட்டு சாம்பார் சாப்பிடுவது கொடுமை.

தீபாவளிக்கு முந்தின வாரத்தை விட்டுவிடுங்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி வேன் வெளியே வருவதற்குள் பாதி நாள் போய்விடும். நவம்பர் பாதிக்கு மேல் புயல் சின்னம் ஒன்று மாற்றி ஒன்று வரும், அதுவும் வேண்டாம். நாங்கள் புதன்கிழமை வானிலை அறிக்கை பார்ப்போம், வியாழன் ராத்திரி முடிவெடுப்போம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வரி வந்துவிட்டால், பேச்சே இல்லை, அடுத்த வாரம்.

எங்க போறது? ஏலகிரி, ஊட்டினு பிளான் பண்ணலாமே?

பண்ணலாம், ஆனால் ஆயா இல்லாமல். எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: வீட்டுக் கதவைப் பூட்டினதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய் இறங்கிவிட வேண்டும். 80 வயசுக்காரருக்கு அதற்கு மேல் உட்கார்ந்தால் கால் வீங்கும். குழந்தைக்கு வாந்தி வரும்.

தெற்கே போனால் தாம்பரம் தாண்டவே அந்த இரண்டு மணி நேரம் சரியாகிவிடும். நமக்கு வாசல் வடக்குப் பக்கம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம் எங்கிருந்து கிளம்பினாலும் பொன்னேரி, பழவேற்காடு ஒரு பக்கம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டி இன்னொரு பக்கம். எல்லாமே 60 கிலோமீட்டர் சுற்றுக்குள் அடங்கும்.

ரெண்டு பக்கத்துல எது பெஸ்ட்?

எனக்குப் பழவேற்காடு பக்கம். ஒடிசாவில் இருக்கிற சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் நமக்கு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கட்டின கோட்டை இன்று வெறும் மேடும் புதரும். ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவலுக்கு நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தத் தீம் பார்க்கும் அதற்கு ஈடாகவில்லை. தாத்தாவுக்குப் பிடித்தது வேறு. மலேசியாவில் கைலியை பெலிக்காட் என்பார்கள், அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறிப் போன துணியால் வந்தது என்று ஒருத்தர் சொல்லக் கேட்டதிலிருந்து, கட்டியிருக்கிற கைலியைத் தட்டிக் காட்டி அவரே எல்லாருக்கும் வரலாறு சொல்கிறார். ஊரில் பனை ஓலைப் பெட்டி, கூடை முடையும் பெண்கள் இருக்கிறார்கள். வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

பூநாரை பார்க்கலாம் என்று மட்டும் குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். அது முட்டியளவுத் தண்ணீரில் நின்று மேய்கிற பறவை. ஐப்பசியில் அப்போதுதான் ஏரிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். கூட்டமாகப் பார்க்க தை, மாசியில் தனியாக ஒருநாள் போய் வருவது நல்லது.

பூண்டி பக்கம் அமைதி. கொசஸ்தலை ஆற்றில் 1944-இல் கட்டி முடித்த அணை. நம் தெருக் குழாயில் வருகிற தண்ணீர் கிளம்பும் இடங்களில் ஒன்று. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863-இல் கற்காலக் கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுக்கு 15 லட்சம் வருடம் என்று பின்னால் ஆராய்ச்சியில் கணித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் குடும்பம் என்றால் அந்தப் பக்கம் போங்கள்.

வேனா, ட்ரெயினா?

ஐந்தாறு பேர் என்றால் ட்ரெயின் போதும். கொருக்குப்பேட்டையில் ஏறினால் கும்மிடிப்பூண்டி லோக்கல் நேரே பொன்னேரியில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்கு மேல், அதில் ஒருத்தர் கம்பு ஊன்றி நடப்பவர் என்றால் வேன்தான். வேனின் முதல் படி உயரம். நாங்கள் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எப்போதும் கூடவே எடுத்துப்போகிறோம், அதுதான் ஆயாவின் படிக்கட்டு. டிரைவருக்கு ராத்திரி படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேட்டா கொடுத்தாயிற்று என்று அவரை வண்டியிலேயே தூங்கவிடுவது நியாயமில்லை, அடுத்த நாள் நம்மை ஓட்டிக்கொண்டு வருவதும் அவர்தான். ஆந்திர எல்லையைத் தாண்டும் எண்ணம் இருந்தால் பெர்மிட் விஷயத்தை முன்னாலேயே கேளுங்கள்.

பண்ணை வீடு புக் பண்றப்போ என்னென்ன கேக்கணும்?

நீச்சல் குளம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது கக்கூஸைப் பற்றி.

முதல் வருடம் நான் போனில் "வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார்" என்றார்கள். இருந்தது, மாடியில். கீழே இருந்ததெல்லாம் இந்தியன். ஆயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் கிறுகிறு என்று வருகிறது என்று திண்ணையில் சாய்ந்தபோதுதான் என் மனைவி கவனித்தாள்: காலையிலிருந்து ஆயா தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டி வருமே என்று. கையில் கொடுத்த டம்ளரையெல்லாம் பக்கத்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றியிருக்கிறது. மண் ஈரமாக இருந்ததைப் பார்த்துப் பேத்திதான் கண்டுபிடித்தது.

அதற்குப் பிறகு வீடியோ காலில் பார்க்காமல் நான் அட்வான்ஸ் போடுவதில்லை. கீழ்த் தளத்தில் கமோட், அதற்கும் படுக்கைக்கும் நடுவே எத்தனை படி, ராத்திரி அந்த வழியில் லைட் எரியுமா, தரை வழுக்குமா என்று காட்டச் சொல்வேன். அப்புறம் கரண்ட் போனால் ஜெனரேட்டரா இன்வெர்ட்டரா, நீச்சல் குளத்தைச் சுற்றித் தடுப்பு உண்டா, மழை என்றால் தேதி மாற்றித் தருவார்களா. கடைசியாகச் சொன்னதை மெசேஜில் எழுதி வாங்குங்கள்.

கிராமத்துல சொந்தக்காரங்க வீடே இருக்குது. அங்கியே தங்கக் கூடாதா?

ஒரு வேளை சாப்பிடலாம். 14 பேர் போய் ராத்திரி தங்கினால் அந்த வீட்டுப் பெண்களுக்கு இரண்டு நாள் இடுப்பு ஒடிந்துவிடும். அவர்களையும் நம்மோடு பண்ணை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், உறவு நிலைக்கும்.

சமையல் யார் பண்றது? எங்க வீட்டு லேடீஸ் வரவே யோசிக்கிறாங்க.

யோசிக்கத்தானே செய்வார்கள். வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தவர்களை 14 பேருக்குச் சமைக்கக் கூட்டிப்போவதை லீவு என்று எப்படிச் சொல்வது? பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வீட்டிலேயே பெரும்பாலும் சமைத்துக் கொடுப்பார்கள். சனி மத்தியானமும் ராத்திரியும் அவர்களிடம் சொல்லிவிடுவோம். ஞாயிறு காலைக்கு வீட்டிலிருந்தே இட்லி மாவு. மத்தியானம் ஆண்கள் முறை, என்ன வந்தாலும் சாப்பிட வேண்டும். போன முறை இறால் தொக்கில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது, சாப்பிட்டோம்.

இறால், நண்டு, மடவை எல்லாம் பழவேற்காட்டில் காலையிலேயே வாங்கிவிடுங்கள். என் மச்சான் ஒரு வருடம் காசிமேட்டில் ஏலம் எடுத்து ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தான். ஏரிக்கரைக்கே மீன் கொண்டுபோன குடும்பம் என்ற பெயர் இன்னும் எங்களுக்கு இருக்கிறது.

பெரியவங்க மாத்திரை, இன்சுலின்லாம் எப்படிப் பாத்துக்கிறது?

மாத்திரையை மூன்று நாளைக்கு எடுங்கள், ஒரு நாள் கூடுதல். மழையில் மாட்டினால் உதவும். டாக்டர் சீட்டை போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வையுங்கள். போட்டுக்கொண்டிருக்கிற இன்சுலின் பாட்டில் வெயில் படாத அறையில் சில வாரம் வரை கெடாது. நின்ற வேனில், டேஷ்போர்டு மேல் வைத்தால்தான் வீணாகும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கவும் கூடாது, உறைந்துவிட்டால் தூக்கித்தான் போட வேண்டும்.

சாப்பாட்டு நேரம் தவறுவதுதான் நிஜமான ஆபத்து. ஊசி போட்டாயிற்று, சோறு இன்னும் வேகவில்லை என்ற நிலை வரக் கூடாது. சோறு இலையில் விழுந்த பிறகு ஊசி என்று எங்கள் அத்தைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பிஸ்கட், சர்க்கரைப் பொட்டலம் இரண்டும் அவர் பையிலேயே இருக்கும்.

சிக்னலே இல்லைன்னா பசங்க பைத்தியம் புடிச்சிடுவாங்களே?

முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் சரியாகிவிடும், ஆனால் "போய் விளையாடுங்க" என்று விரட்டினால் ஆகாது. கையில் வேலை கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு மூட்டைப் பச்சை வேர்க்கடலை வாங்குவோம், மண்ணோடு. ஆயா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொள்ளும். பேரன் பேத்திகள் சுற்றி உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பிய்த்துப் போடுவார்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. பின்னி மில் சங்கு ஊதினதும் தெருவே சைக்கிள் மணியாக மாறுமாம். தாத்தா ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாக இருக்குமாம். "அப்பவே கிழவன் மாதிரிதான் இருப்பாரு" என்று ஆயா சொன்னதும் தாத்தா கடலையை எடுத்து எறிந்தார். மில் மூடினது 1996-இல். இருபது வருடமாகப் பக்கத்திலேயே இருக்கிற எனக்கு இந்தப் பஞ்சுக் கதை அன்றைக்குத்தான் தெரியும்.

ஊர் பார்க்கிற லிஸ்ட்டை ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வீடு கட்டும் வேண்டுதல் கூட்டம் நெரியும், மற்ற நாளில் பெரியவர்களை நிதானமாகக் கூட்டிப்போகலாம்.

வீட்ல ஒரு சாவு ஆகி வருசம் திரும்பல. இந்த வருசம் போலாமா?

கோயில் வேண்டாம் என்று உங்கள் பெரியவர்கள் சொன்னால் கோயிலை மட்டும் விடுங்கள். ஏரிக்கும் வயலுக்கும் தீட்டு கிடையாது. சித்தப்பா போன வருடம் நாங்கள் சித்தியைக் கட்டாயப்படுத்தாமல் "பசங்களைப் பாத்துக்க ஆள் வேணும்" என்று மட்டும் கேட்டோம், வந்தார். அந்த முறை பாட்டு, கேக் எதுவும் இல்லை.

படகுல போலாம்னு பசங்க அடம் புடிக்கிறாங்க...

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். நம்மைப் போலவே கூட்டமாக, பெண்கள் குழந்தைகளோடு வந்தவர்கள். கரையில் யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகாது" என்று மெதுவாகக் கூப்பிடலாம். மீன் பிடிக்கிற படகு மீன் பிடிக்கத்தான். முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு மாறிக்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் நான் பிள்ளைகளிடம் பேரம் பேசுவதில்லை.

கிராமம்னா பாம்பு இருக்குமே, அதுவும் மழையில?

இருக்கும். வளைக்குள் தண்ணீர் போனால் மேட்டைத் தேடி வரும், நாம் தங்கும் வீடுதான் அந்த மேடு. தரையில் பாய் விரிக்காதீர்கள், கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரிய வலிகூட இருக்காது. கட்டில், கொசுவலை, ராத்திரி வெளியே போக டார்ச், காலையில் செருப்பை உதறிப் போடுவது என்ற நான்கும் போதும்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எது, எத்தனை தூரம் என்று போன உடனே அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

போன இடத்துல மழை புடிச்சிக்கிச்சின்னா?

புதன், வியாழன் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். அதையும் மீறிப் பிடித்தால் கவனிக்க வேண்டியது தரைப்பாலங்களை. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் வருடம் முழுக்க மணலாகக் கிடந்துவிட்டு ஒரே ராத்திரியில் பாலத்துக்கு மேல் ஓடும். அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரிந்தால் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அப்போதே கிளம்புங்கள். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதான் என்றாலும், வேனை இறக்க வேண்டாம். சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக வாருங்கள்.

வெறும் தூறல் என்றால் அதற்குத்தானே போனோம்.

காசு எப்படிப் பிரிக்கிறது? தலைக்கு இவ்ளோன்னு போட்டா தம்பிக்குக் கஷ்டம், போடாட்டி அவனுக்கு மானக்கேடு.

இதில்தான் நிறையக் குடும்பத்தில் பயணமே நின்றுபோகிறது. எங்கள் வழி இது. சித்திரையிலிருந்து மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வீடும் ஆயாவிடம் ஒரு கவரைக் கொடுக்கும். எவ்வளவு என்பது ஆயாவுக்கு மட்டும் தெரியும். அது அரிசி டின்னுக்குள் போகும். ஐப்பசியில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் ஆயா சொல்லும், யார் எவ்வளவு என்று சொல்லாது. பணம் எவ்வளவோ அதற்குத் தகுந்த வீடு, அதற்குத் தகுந்த மீன். ஒரு வருடம் ஒரு வீட்டுக் கவர் காலியாகவே வந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். கேட்டுப் பார்த்தேன். "டின்னு ரொம்பிச்சில்ல, போ" என்றது.

தண்ணி அடிக்கிற மாமாவை எப்படிச் சமாளிக்கிறது?

அவர் மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், சண்டை அவர்கள் வீட்டுக்குள் போய்விடும். நேராகச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்னால். நாங்கள் மீன் வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டோம். காலை ஐந்தரைக்கு எழுந்து போக வேண்டும் என்பதால் ராத்திரி அவரே அடங்கிவிடுகிறார். பெரும்பாலும்.

எல்லாம் சரி, எங்க ஆயா வரவே மாட்டேங்குது. "நான் எதுக்குடா, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு ஒரே பாட்டு.

"எதுக்குடா" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே வேறு ஏதோ இருக்கும். எங்கள் ஆயாவுக்கு மூன்று இருந்தது: கக்கூஸ், பூட்டின வீடு, தன்னால் மற்றவர்கள் நடை குறையுமே என்பது. முதலாவதற்கு, வீடியோ காலில் அந்த பாத்ரூமை ஆயாவுக்கே காட்டினோம். இரண்டாவதற்கு, எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துச் சாயங்காலம் விளக்கேற்றச் சொன்னோம், அதை ஆயா காதுபடச் சொன்னோம். மூன்றாவதற்குப் பேசிப் பயனில்லை. எங்கே போனாலும் இரண்டு பேர் ஆயாவோடு திண்ணையிலேயே இருப்பார்கள், முறை வைத்து. அவர்கள் விட்டுக்கொடுத்ததாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது.

போன வருடம் திரும்பி வந்து முக்காலியில் கால் வைத்து இறங்கும்போது ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னது: "அடுத்த வருசமும் அதே வூட்டையே புடி. கக்கூஸு நல்லா இருந்திச்சி."